முதலில் சிரிப்பவரின் ராஜினாமா

கடிதம் எண்: 4 / 2024
(எண் 1, 2, 3 ஆகியவை எழுதி முடிக்கப்பட்டு, அனுப்பப்படாமல் கிழிக்கப்பட்டன.)

நாள்: 18 ஜூன் 2024, செவ்வாய்க்கிழமை
நேரம்: முற்பகல் 9 மணி 10 நிமிடம்

பொருள்: மூன்றாம் வரிசை, பதினான்காம் இருக்கைப் பொறுப்பிலிருந்து விலகுதலும், அதையொட்டிய ஒரு வேண்டுகோளும்.

என் மனைவியின் உடன்பிறந்த தம்பியும், மேடை நகைச்சுவையாளரும், திரைப்பட நடிகரும், எழுத்தாளருமாகிய தங்களுக்குத் தங்கள் அக்காளின் கணவன் எழுதிக்கொள்வது யாதெனில்:

இங்கு நானும் தங்கள் அக்காளும் உடலளவில் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கும் உரிமையை 15 ஜூன் 2024, சனிக்கிழமை, மாலை 5 மணி 22 நிமிடத்தில் நான் இழந்துவிட்டபடியால், விசாரித்ததாகப் பாவித்துக்கொள்ளவும். தாங்கள் அரைக்கால் சட்டை அணிந்த நாள் முதல் "தம்பி" என்றும் "நீ" என்றும் அழைத்து வந்தவன் இன்று "தாங்கள்" என்று எழுதுவதைப் பரிகாசமாகக் கொள்ள வேண்டாம். பரிகாசம் செய்யும் ஆற்றல் எனக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் நேர்ந்திராது.

தங்கள் நிகழ்ச்சிகளில் அவையோருக்கு முன்னதாகச் சிரித்து, அவர்களைச் சிரிக்கத் தூண்டும் பொறுப்பிலிருந்து இன்று நண்பகல் 12 மணி முதல் விலகுகிறேன். விலகல் கடிதம் என்றால் அதில் பதவியின் வரலாறு இருக்க வேண்டும். வானிலை ஆய்வு நிலையத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் மழைமானியைப் பார்த்து மில்லிமீட்டர் எழுதியவன் நான். வரலாறு எழுதாமல் ஒரு குடையைக்கூட நான் ஒப்படைத்ததில்லை.

8 ஆகஸ்ட் 1986, வெள்ளிக்கிழமை. மனமகிழ் மன்றத்தின் கூடத்தில், மடக்கு நாற்காலிகளுக்கு முன்னால், பத்தொன்பது வயதில் தாங்கள் முதன்முதலாக ஒலிவாங்கியைப் பிடித்தீர்கள். முதல் துணுக்கு ஒரு தையல்காரரைப் பற்றியது. துணுக்கு முடிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பதினொரு விநாடி. மழைக்காக இரண்டு மாதம் காத்திருந்து பழகியவன் நான். அந்தப் பதினொரு விநாடியை என்னால் தாங்க முடியவில்லை. தங்கள் முகம் வேர்த்தது, தாங்கள் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தீர்கள், அந்தக் கணத்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த தங்கள் அக்காள் என் தொடையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளி, "சிரிங்களேன்!" என்றாள். என்னிடமிருந்து எழுந்த ஒலி சிரிப்பா அலறலா என்பதை இன்றுவரை என்னால் வகைப்படுத்த இயலவில்லை. துருப்பிடித்த இரும்புக் கதவை யாரோ அவசரமாகத் திறந்ததுபோல் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். முன்வரிசைக்காரர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஒரு நிமிடத்தில் கூடமே சிரித்தது, தாங்கள் நிமிர்ந்தீர்கள். அந்தத் தையல்காரர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது மட்டும் எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், நீங்க மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நான் காலி. அடுத்த வாரமும் வந்துடுங்க, கைக்குட்டைய எடுத்தா சிரிச்சுடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். அன்று தொடங்கியது. முதல் வரிசையில் அமர்ந்தால் உறவினர் என்று தெரிந்துவிடும், கடைசியில் அமர்ந்தால் தொடக்கம் போதாது என்று ஆராய்ந்து, மூன்றாம் வரிசை பதினான்காம் இருக்கையைத் தேர்ந்தோம். ஒவ்வொரு நிகழ்ச்சியின் நாள், கிழமை, துணுக்கின் முதல் சொல், சிரிப்பு நீடித்த விநாடி ஆகியவற்றை மழைப்பதிவேட்டின் வடிவிலேயே கோடிட்டுப் பதிந்து வந்திருக்கிறேன்.

பிறகு தாங்கள் திரைப்படத்துக்குப் போனீர்கள். நாற்பத்து மூன்று படங்கள். அவற்றில் தாங்கள் கன்னத்தில் வாங்கிய அறைகள் நூற்றுப் பதினேழு. கீழே விழுந்தது அறுபத்தொரு முறை. தண்ணீருக்குள் விழுந்தவை தனிக்கணக்கு. ஒவ்வொரு படத்துக்கும் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் போக வேண்டும், திரையில் தாங்கள் கைக்குட்டை எடுக்க முடியாதாகையால் எத்தனையாவது நிமிடத்தில் விழுகிறீர்கள் என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுவீர்கள், நான் திரையைப் பாராமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து சரியான நிமிடத்தில் சிரிப்பேன், இப்படித்தான் ஏற்பாடு. 4 நவம்பர் 1994 அன்று ஒரே கட்டடத்தில் இரண்டு திரையரங்குகள் உள்ள இடத்தில் நான் கதவு மாறி நுழைந்துவிட்டேன். இருபத்து மூன்றாம் நிமிடம் வந்தது. சிரித்தேன். திரையில் கண் தெரியாத ஒரு தாய், ஊரைவிட்டுப் போன மகனுடைய கடிதத்தை யாராவது படித்துக் காட்டுங்களேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். இருவர் என்னை இரு பக்கமும் தூக்கிக்கொண்டு போய் வெளியே நிறுத்தினார்கள். "வீட்ல அம்மா இல்லையாய்யா உனக்கு?" என்று கேட்டார் ஒருவர். நான் அனுமதிச் சீட்டைக் காட்டி, "பக்கத்து அரங்கத்துச் சிரிப்பு இது" என்று விளக்கினேன். அவர்கள் அதை ஏற்கவில்லை.

அடுத்தது 2 மார்ச் 2003, ஞாயிறு. தங்களை வைத்துப் பல படம் எடுத்த தயாரிப்பாளரின் இரங்கல் கூட்டம். தாங்கள் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். மின்விசிறி ஓடவில்லை. தாங்கள் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தீர்கள். அதற்குமேல் எழுத என் கை கூசுகிறது. மறைந்தவரின் மகன் என்னிடம் வந்து, மிகப் பண்பாக, "எங்கப்பா உங்களுக்கு என்ன சார் பண்ணாரு?" என்று கேட்டார். அன்றுமுதல் நம் குறிப்பைக் கைக்குட்டையிலிருந்து இடது காதுமடலுக்கு மாற்றினோம்.

தாங்கள் எழுத்தாளரான ஒன்பது ஆண்டுகளையும் விட்டுவிட முடியாது. வாரப் பத்திரிகைக்கு அனுப்புமுன் ஒவ்வொரு வியாழனும் தொலைபேசியில் முழுக் கட்டுரையையும் படித்துக் காட்டுவீர்கள். தாங்கள் மூச்சு வாங்கும் இடத்தில் நான் சிரிப்பேன். ஒருமுறை இணைப்பு அறுந்துபோனதை அறியாமல் நான்கு நிமிடம் வெற்றுத் தொலைபேசிக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். தங்கள் அக்காள் வந்து என் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டு, "போதும், தண்ணி குடிங்க" என்றாள்.

இவ்வளவையும் எழுதியபின், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தேழு ஆண்டு, பத்து மாதம், ஏழு நாளில் என் பதிவேட்டின்படி நான் சிரித்தவை 9,412. இவற்றில் நானாகச் சிரித்தது ஒன்றுகூட இல்லை. தங்கள் துணுக்குகள் எனக்கு விளங்குவதில்லை. விளங்கும்படி கேட்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்; தாங்கள் வேர்வையும் மகிழ்ச்சியுமாக இறங்கி வருவதைப் பார்த்ததும் கேட்கத் தோன்றாது. பல்லாயிரம் பேர் வயிறு வலிக்கச் சிரிக்கும்போது நடுவில் ஒருவன் மட்டும் விநாடி எண்ணிக்கொண்டிருப்பது எவ்வளவு தனிமையான காரியம் என்பது, மழை பெய்யும்போது நனையாமல் நின்று அளவெடுத்தவனுக்குத்தான் தெரியும்.

இனி 15 ஜூனுக்கு வருகிறேன்.

இரண்டு ஆண்டுகளாகத் தாங்கள் ஒரு நாடகம் எழுதி வந்தீர்கள். சிரிப்பு நாடகமன்று என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். "விழுந்து விழுந்து முட்டி தேஞ்சு போச்சுக்கா. ஒரே ஒரு தடவ நின்னு நடிச்சுப் பாக்கணும்" என்று தங்கள் அக்காளிடம் சொன்னீர்கள். என்னிடம், "அத்தான், இந்தத் தடவ உங்களுக்கு வேலை இல்ல. சும்மா வந்து உக்காந்து பாருங்க, அது போதும்" என்றீர்கள். நானும் பதிவேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். பதினான்காம் இருக்கையில்தான் அமர்ந்தேன். வேறு இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு மேடை கோணலாகத் தெரிகிறது.

மருத்துவமனைத் தாழ்வாரம். ஒரு நீண்ட பெஞ்சு. நரைத்த தலையுடன் ஒரு கிழவராகத் தாங்கள். உள்ளே மனைவி சாகக் கிடக்கிறாள். கிழவரோ ஒரு சிறு நோட்டில் யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார். எனக்கு அந்த ஆளை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. இப்படியும் ஒரு மனிதனா என்று ஆத்திரமாக வந்தது. கடைசியில் நர்ஸ் வெளியே வந்து, அவர் மனைவி போய்விட்டாள் என்று சொல்கிறாள். அரங்கம் மூச்சுவிடவில்லை. கிழவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பேனாவை எடுக்கிறார், நோட்டைத் திறக்கிறார், பிறகு நர்ஸை அண்ணாந்து பார்த்து, "உங்க சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னாடி ஓடுதும்மா. எந்த நேரத்தப் போட்டுக்கட்டும்?" என்று கேட்கிறார்.

நான் சிரித்தேன். கிள்ளல் இல்லை, கைக்குட்டை இல்லை, காதுமடல் இல்லை. வயிற்றிலிருந்து தானாக வந்தது. பிடித்து நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. துருப்பிடித்த கதவு முழுவதுமாகத் திறந்துகொண்டது. நான் சிரித்தால் அவை சிரிக்கும் என்பது முப்பத்தேழு ஆண்டுப் பழக்கம். சிரித்தது. நாற்பத்தெட்டு விநாடி. அது தங்கள் வாழ்நாளின் மிக நீண்ட சிரிப்பு. தாங்கள் மேடையில் நோட்டும் கையுமாக அப்படியே நின்றீர்கள். அத்தனை சிரிப்புக்கு நடுவில் தங்கள் முகத்தை மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்தவன் நான்.

ஒப்பனை அறையில் தாங்கள் நரைமுடிக் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"நான் காதத் தொட்டேனா அத்தான்?"

"இல்லை."

"கைக்குட்ட எடுத்தேனா?"

"இல்லை."

"அப்புறம் ஏன்? முப்பத்தெட்டு வருஷமா எல்லாரையும் சிரிக்க வச்சேன். ஒரே ஒரு நிமிஷம், எல்லாரும் வாய மூடிக்கிட்டு என்னப் பாத்தா போதும்னு ஆசப்பட்டேன். அந்த ஒரு நிமிஷம் பழக்கதோஷத்த அடக்கிக்கக் கூடாதா?"

பழக்கதோஷம் என்று தாங்கள் நினைத்துக்கொண்டிருப்பதே தங்களுக்கு நல்லது என்று பட்டது. அந்நேரம் பார்த்து அரங்கத்தின் உரிமையாளர் கதவைத் திறந்துகொண்டு வந்து தங்களைக் கட்டிப்பிடித்து, "சார், பிரமாதம்! அந்தச் சாவுக் காட்சிய மட்டும் இன்னும் ரெண்டு தரம் எங்கயாவது வைங்க சார், ஜனம் அள்ளுது!" என்றார்.

திரும்பி வரப் பேருந்தில் ஏறினோம். எட்டாம் நிறுத்தத்தில் தங்கள் அக்காள் கேட்டாள்.

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"அந்த ஆளைப் பார்த்துத்தான். பெண்டாட்டி செத்துப்போனாள் என்கிறார்கள், கடிகாரம் சரியில்லை என்கிறானே! இப்படி ஒரு பிறவி உலகத்தில் இருக்குமா?"

"உங்களுக்கு நெசமாவே தெரியலையா?"

"என்ன தெரியவில்லை?"

"வீட்டுக்குப் போனதும் மொகம் கழுவிட்டுக் கண்ணாடியப் பாருங்க. அந்தப் பிறவி தெரியும்."

நான் முகம் கழுவவில்லை. பேருந்தின் சன்னலிலேயே தெரிந்துவிட்டது.

ஆம். 4 செப்டம்பர் 2019 முதல் 23 செப்டம்பர் 2019 வரை தங்கள் அக்காள் மருத்துவமனையில் கிடந்த இருபது நாளும் நான் நோட்டுப் போட்டு எழுதினேன். சொட்டு மருந்து மாற்றிய நேரம், காய்ச்சல் அளவு, எந்த மருத்துவர், எந்த நர்ஸ், எல்லாம். சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்னால் ஓடியதும் உண்மை. நான் கேட்டதும் உண்மை. தாங்கள் நாள்தோறும் மாலையில் வந்து அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முதுகைத் தடவிக்கொடுத்து, "நீங்க கொஞ்சம் படுங்க அத்தான்" என்று சொல்லிக்கொண்டே இத்தனையையும் மனத்தில் குறித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் நோட்டில் எழுதினேன். தாங்கள் என்னை எழுதினீர்கள்.

ஆக, 9,412 முறை தங்களுக்காகப் பொய்யாகச் சிரித்தவன், ஒரே ஒரு முறை உண்மையாகச் சிரித்தான். அதுவும் தங்களை அழித்தது. சிரித்ததோ தன்னைப் பார்த்து. இதற்கு மேல் ஒரு மனிதன் எந்த முகத்தோடு மூன்றாம் வரிசையில் உட்காருவான்?

சனிக்கிழமையிலிருந்து என் நிலைமை சொல்லும்படியாக இல்லை. காலை எட்டரைக்கு நாள் தவறாமல் கொல்லைப்புறத்து மழைமானியைப் பார்த்து எழுதுபவன், ஞாயிறன்று பேனாவை எடுத்ததும் யாரோ பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்து கீழே வைத்துவிட்டேன். எழுதினால் அந்தக் கிழவனாகிறேன். எழுதாவிட்டால் யாராக இருப்பது என்று தெரியவில்லை. மருந்துக் கடைக்காரர் என்னைக் கண்டதும் எப்போதும் புன்னகை செய்வார். அது மரியாதை என்று பதினான்கு ஆண்டுகளாக நம்பி வந்தேன். நேற்று அதையும் சந்தேகித்து மருந்து வாங்காமல் திரும்பினேன். சிரிப்பாவது மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்கக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முயன்று பார்த்தேன். வந்த ஒலியைக் கேட்டுத் தங்கள் அக்காள் கதவைத் தட்டி, "என்னங்க, வழுக்கி விழுந்துட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை, சிரிக்கிறேன் என்றேன். அதற்கு அவள், "அத வெளிய வந்து சிரிங்க, பயமா இருக்கு" என்றாள்.

நேற்று, 17 ஜூன், திங்கள், நாளிதழில் விமர்சனம் வந்தது. "மரணக் காட்சியில் அரங்கமே குலுங்கியது, தம் நகைச்சுவையின் உச்சத்தை இவர் எட்டிவிட்டார்" என்று எழுதியிருக்கிறார்கள். காலை 10 மணி 15 நிமிடத்துக்குத் தாங்கள் அக்காளை அழைத்தீர்கள். அவள் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தாள். தங்களுக்கு அது தெரியாது, மன்னிக்கவும். "ஞாயித்துக்கெழம ஒரு காட்சி இருக்குக்கா. அந்தக் கடைசிய வெட்டிட்டேன். கெழவன் பெஞ்சுலேருந்து விழற மாதிரி மாத்திட்டேன். ஓனருக்கும் சந்தோஷம். அவ்வளவுதான், அதோட எழுதறதும் போதும், நிக்கறதும் போதும். எனக்கு விழத்தான் வரும்னு எல்லாரும் சேந்து சொல்லிட்டாங்கல்ல" என்றீர்கள். அக்காள், "டேய், அவசரப்படாதடா" என்றாள். தாங்கள், "அத்தான் என்ன சொல்றாரு?" என்று கேட்டு, பதில் வருமுன் வைத்துவிட்டீர்கள்.

அத்தான் சொல்ல வேண்டியது மூன்று. முதலாவது, மேற்சொன்னபடி பொறுப்பிலிருந்து விலகுகிறேன். வரும் ஞாயிறு, 23 ஜூன், அரங்கம் உள்ள தெருப்பக்கமே வர மாட்டேன். இரண்டாவது, கிழவன் பாத்திரத்தை நாடகத்திலிருந்து அடியோடு நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன். பெஞ்சிலிருந்து விழவைப்பது தீர்வாகாது. அறுபத்திரண்டாவது முறையாகத் தாங்கள் விழுவதை, அதுவும் என் உருவத்தில் விழுவதைக் காண எனக்குத் திராணியில்லை. மூன்றாவது, நீக்க இயலாதெனில் திருத்தவாவது வேண்டும். நாடகத்தில் என்னைப் பற்றிய பிழைகள் பதினான்கு உள்ளன, பட்டியல் இணைத்திருக்கிறேன். அவற்றுக்கு ஆதாரமாக மருத்துவமனை நோட்டையும் அனுப்புகிறேன். மேடையில் அந்தக் கிழவன் நர்ஸின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிறான். நான் கேட்டதில்லை, சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தே எழுதினேன். இவையெல்லாம் சிறியவை என்று தங்களுக்குத் தோன்றலாம். ஒரு மனிதனைப் பார்த்து நானூறு பேர் சிரிக்கும்போது, குறைந்தபட்சம் சரியான மனிதனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாமா?

தாங்கள் இனி விழ நேரும் மேடைகளெல்லாம் மெத்தையாக இருக்கவும், முட்டி வலி தணியவும், பொய்யாகச் சிரிக்காத ஓர் ஆள் மூன்றாம் வரிசைக்குக் கிடைக்கவும், நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழவும் அக்காளும் நானும் மனமார வாழ்த்துகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் அத்தான்
(இச்சொல்லை இன்னமும் பயன்படுத்த அனுமதி உண்டெனில்)
எழுதி முடித்த நேரம்: முற்பகல் 11 மணி 48 நிமிடம்.

பின்குறிப்பு. நேரம்: பிற்பகல் 12 மணி 40 நிமிடம்.

உறையில் போடுமுன் தங்கள் அக்காளிடம் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். படித்தாள். மருத்துவமனை நோட்டை எடுத்துப் புரட்டத் தொடங்கினாள். அதை இத்தனை ஆண்டில் அவள் திறந்ததே இல்லை. தான் கிடந்த கிடையைத் தானே படிக்க வேண்டுமா என்பாள். முப்பத்தோராம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"ஒம்பதாம் தேதி, பதினொன்னு நாப்பதுக்கு என்னை உள்ள கொண்டுபோனாங்கன்னு இருக்கு. அப்புறம் ரெண்டு அம்பத்தஞ்சுதான். நடுவுல மூணு மணி நேரம் ஒண்ணுமே இல்லையே. பேனா தீந்துடுச்சா?"

"இல்லை."

"தூங்கிட்டீங்களா?"

"இல்லை."

"பின்ன?"

எழுத வரவில்லை என்றேன். 11.40க்கு நர்ஸ் வந்து, பிழைப்பது கடினம், இன்னொரு முறை அறுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். கையெழுத்துக்குக் கீழே நாள் எழுத ஓர் இடம் விட்டிருந்தார்கள். அன்று என்ன நாள் என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. எனக்கு! பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்த நர்ஸே வாங்கி நிரப்பிக்கொண்டு போனார். பிறகு 2.55க்கு மருத்துவர் வந்து பயமில்லை என்று சொல்லும்வரை அந்தத் தாழ்வாரத்தில் யார் வந்தார்கள், யார் போனார்கள், எதுவும் நான் பார்க்கவில்லை. இதை அக்காளுக்கும் நான் சொன்னதில்லை. எழுதாததை எப்படிச் சொல்வது?

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயை வெகுநேரம் திறந்துவிட்டிருந்தாள். பாத்திரம் எதுவும் உருளும் ஓசை கேட்கவில்லை. திரும்பி வந்து, "அவனுக்கு இது தெரியாது. அன்னைக்குப் பகல்ல அவன் ஷூட்டிங்ல இருந்தான். சாயங்காலம்தான் வந்தான்" என்றாள்.

ஆகவே தம்பி, மேலே எழுதியவற்றில் ஒன்று, இரண்டு ஆகிய கோரிக்கைகளை வாபஸ் பெறுகிறேன். நீ மாலையில் வந்து பார்த்ததையெல்லாம், பட்டியலில் உள்ள பதினான்கு நீங்கலாக, ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறாய். நீ இல்லாத அந்த மூன்று மணி நேரத்தைத்தான் ஊகித்து எழுதினாய், அங்கேதான் தவறியது. அந்தக் கணத்திலும் ஒருவன் நேரம் எழுதுவான் என்று நினைத்தாய். எழுத மாட்டான். அது பொய் என்று எனக்கு வயிற்றில் தெரிந்திருக்கிறது. அதனால்தான் சிரித்தேன் போலும்.

விழ வேண்டாம். வெட்டவும் வேண்டாம். கடிகாரக் கேள்வியை முதல் காட்சிக்குக் கொண்டு போ. அது 5-ஆம் தேதி கேட்ட கேள்விதான், நோட்டில் இருக்கிறது. அங்கே எல்லாரும் சிரிக்கட்டும், நானே தொடங்கி வைக்கிறேன், காதுமடல் தேவையில்லை. கடைசிக் காட்சியில் நர்ஸ் வந்து சொன்னதும் கைக்கடிகாரத்தைப் பார். பேனாவைத் திற. நோட்டைத் திற. எழுதாதே. அப்படியே உட்கார்ந்திரு. நீ எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். 9,413 சிரிப்புகளின் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஞாயிறு மாலை 3 மணி 30 நிமிடத்துக்கு அரங்க வாசலில் இருப்பேன். அக்காளும் வருகிறாள். அவளுக்குப் பதினைந்தாம் இருக்கை.

இணைப்புகள்:

1. நாடகத்தில் உள்ள பிழைகளின் பட்டியல், இரண்டு தாள். (பதினான்கும் செல்லும். பதினைந்தாவதாக மேற்கண்டது சேர்க்கப்பட்டுள்ளது.)

2. மருத்துவமனை நோட்டு, ஒன்று. முப்பத்தோராம் பக்கம் மடிக்கப்பட்டுள்ளது. மடித்தது உன் அக்காள்.

3. பேனா, ஒன்று. கறுப்பு மை. மூடி சற்று இறுக்கமாக இருக்கும். திறக்க இரண்டு விநாடி பிடிக்கும். அவசரப்படுத்த வேண்டாம்.